நாய்க்கு வீட்டுச் சாப்பாடா, பாக்கெட் தீவனமா? தீவனக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற சாலையில் தீவனக் கடை வைத்திருக்கிறேன். மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும், கோழிக்குத் தீவனமும், ஓரமாக ஒரு அலமாரியில் நாய் பூனைக்கான பாக்கெட்டும் இருக்கும். தென்காசி, இலஞ்சி, பண்பொழிப் பக்கத்து ஆட்கள் வருவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலையிலிருந்து இறங்கி வருகிற தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நாய் வளர்க்கிறவர்கள் கல்லாப் பக்கம் நின்று கேட்கிற கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பாக்கெட் விற்றால்தான் எனக்குக் காசு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அண்ணாச்சி, சுருக்கமாகச் சொல்லுங்கள். வீட்டுச் சாப்பாடு நல்லதா, பாக்கெட் நல்லதா?

அளந்து சமைத்தால் வீட்டுச் சாப்பாடு நல்லது. அளக்க நேரமில்லை என்றால் பாக்கெட் நல்லது. நம் ஊரில் "வீட்டுச் சாப்பாடுதான் போடுகிறேன்" என்று சொல்கிற பலரும் போடுவது ராத்திரி மிஞ்சிய சோறும் குழம்பும், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் எலும்பும்தான். அதைப் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் சுமாரான பாக்கெட்கூட ஜெயித்துவிடும். நாய்க்கென்று தனியாக உலை வைத்து, கறி, முட்டை, காய், சுண்ணாம்புச் சத்து எல்லாம் கணக்காகச் சேர்த்துப் போட்டால் அப்புறம் பாக்கெட் தேவையே இல்லை. வளர்ந்த நாய்க்குத்தான் இது. குட்டிக்கு என் பதில் வேறு, கீழே வரும்.

நாய் ஓநாய் இனம், சோறு செரிக்காது என்கிறார்களே?

செரிக்கும். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததில் நாயின் உடம்பு மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கிற அமிலேஸ் என்ற நொதிக்கான மரபணு ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பல மடங்கு பிரதிகள் இருக்கிறது என்று 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். சோறு நன்றாகக் குழைய வெந்திருந்தால் போதும். தட்டு நிறையச் சோறு போட்டு, மேலே வாசனைக்குக் கொஞ்சம் கறித்தண்ணி ஊற்றுவதுதான் தப்பு. வயிறு நிறையும், புரதம் போய்ச் சேராது.

தினமும் கறியும் சோறும் போடுகிறேன். இதில் என்ன குறை?

சுண்ணாம்புச் சத்து. பத்துப் பேர் வீட்டில் சமைத்தால் ஒன்பது பேர் விடுவது இதைத்தான்.

கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாய்க்கு இரண்டும் ஒரு விகிதத்தில் வேண்டும். ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்கு கால்சியம். வெறும் கறி, ஈரல், சோறு என்று போனால் இது தலைகீழாகிவிடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் நாயின் இதயமும் நரம்பும் வேலை செய்ய முடியாது. அதனால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்கு அனுப்பும். வெளியே பார்க்க நாய் கொழுகொழு என்று பளபளப்பாக இருக்கும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே வரும். குட்டிகளிடம் இது சீக்கிரம் தெரியும்: முன்கால் வளையும், பாதம் தட்டையாகும், திண்ணையிலிருந்து குதித்ததற்கே கால் ஒடியும். "நல்லா கறி போட்டுத்தானே வளர்த்தோம்" என்று வீட்டுக்காரர் திகைத்து நிற்பார். கறி போட்டதில் தப்பில்லை, கறி மட்டும் போட்டதுதான் காரணம்.

பால் ஊற்றினால் சரியாகிவிடுமே என்று கேட்பார்கள். பல வளர்ந்த நாய்களுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் வயிற்றாலே போகும். தயிர் பரவாயில்லை. ஆனால் இந்தக் குறையைத் தயிரால் நிரப்ப முடியாது. 100 கிராம் தயிரில் 125 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1,300லிருந்து 1,500 மில்லிகிராம் வேண்டும்.

அப்படியென்றால் எதைச் சேர்ப்பது?

முட்டை ஓடு. காசே ஆகாது. ஓட்டைக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கிற மெல்லிய சவ்வோடேயே ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் சுக்காகக் காய வையுங்கள். சாரல் காலமாக இருந்தால் தோசைக்கல்லில் இளந்தீயில் வாட்டி எடுக்கலாம். ஈரம் இருந்தால் மிக்ஸியில் பொடியாகாது, சில்லு சில்லாகத்தான் நிற்கும். நன்றாகக் காய்ந்ததைச் சின்ன ஜாரில் போட்டு விட்டுவிட்டு ஓட்டி, மாவுச் சல்லடையில் சலியுங்கள். விரலிடையில் தேய்த்தால் திருநீறு மாதிரி இருக்க வேண்டும். நறநறவென்றால் திரும்ப ஜாரில் போடுங்கள். சில்லாக இருப்பது சரியாக உறிஞ்சப்படாது, குடலையும் உறுத்தும்.

ஒரு ஓடு ஐந்தாறு கிராம் பொடி தரும். அதில் சுமார் 2 கிராம் சுத்தக் கால்சியம். ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம்.

20 கிலோ நாய்க்கு ஒரு நாள் அளவு என்ன?

நாட்டு நாய், சிப்பிப்பாறை, நடுத்தர ராஜபாளையம் கலப்பு எல்லாம் ஏறத்தாழ இந்த எடையில் வரும். வீட்டுக் காவலுக்கு நிற்கிற, சாதாரணமாக ஓடியாடுகிற நாய்க்கு ஒரு நாளைக்கு 1,000லிருந்து 1,050 கலோரி போதும். நான் எழுதிக் கொடுக்கிற கணக்கு இது:

எலும்பில்லாத, தோல் நீக்கிய பச்சைக் கோழிக்கறி 250 கிராம். அரிசி 120 கிராம், வேகவைக்கும் முன் எடை. முட்டை ஒன்று. கோழி ஈரல் 20 கிராம். மத்தி மீன் 50 கிராம், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கறி. கேரட், பூசணி, பீன்ஸ் ஏதாவது 100 கிராம். சூரியகாந்தி எண்ணெய் இரண்டு டீஸ்பூன். முட்டை ஓட்டுப் பொடி முக்கால் டீஸ்பூன். அயோடின் உப்பு ஒரு சிட்டிகை.

அரிசியையும் காயையும் மீனையும் குக்கரில் குழைய வேகவிட்டு, கறியும் ஈரலும் சேர்த்து மூடாமல் கொதிக்கவிடுங்கள். முட்டையைக் கடைசியில் உடைத்து ஊற்றிக் கிண்டினால் போதும். எண்ணெயும் ஓட்டுப் பொடியும் ஆறிய பிறகு. காலையில் பாதி, மாலையில் பாதி. ஈரலை ருசிக்காக அள்ளிப் போட வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் ஏ உடம்பில் தங்கிக்கொண்டே போகும்.

நாயின் எடை கூடுவது போல அளவும் கூடும் என்று நினைக்காதீர்கள். 10 கிலோ நாய்க்கு இதில் பாதி போதாது, ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 30 கிலோ லேப்ரடாருக்கு ஒன்றரை மடங்கு போட்டால் அதிகம், ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல் போதும். வீட்டில் தராசு இல்லையா? கடையில் எடை போட்டு வாங்கியதை வாரத்துக்குப் பிரித்து டப்பாவில் வைத்து ஃப்ரீஸரில் அடுக்கிவிடுங்கள், தினம் அளக்கிற வேலை மிச்சம்.

இவ்வளவு செய்தால் முழுமையா?

இல்லை. துத்தநாகம், வைட்டமின் இ, வைட்டமின் டி, தாமிரம், அயோடின் இதிலெல்லாம் இன்னும் துண்டு விழும். கோழியில் துத்தநாகம் குறைவு. வெயிலில் படுத்திருந்தால் நமக்கு வைட்டமின் டி வரும், நாயின் தோலுக்கு அந்தத் திறமை ரொம்பக் குறைவு. அது சாப்பாட்டிலிருந்தேதான் வர வேண்டும். 2013இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடைப் பள்ளி ஆய்வாளர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. அவற்றில் பலவும் கால்நடை மருத்துவர்களே எழுதியவை.

அதனால் நாய்க்கென்றே வருகிற வைட்டமின், தாது கலந்த பொடி ஒன்றை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கறியையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். மாட்டுக்கறி சாப்பிடுகிற வீடாக இருந்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழிக்குப் பதில் அதைப் போடலாம். ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். கோழியைவிட அதில் துத்தநாகமும் இரும்பும் அதிகம். வாங்கும்போது கொழுப்பை நீக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கால்சியம் சிரப் ஊற்றுகிறேன், அது போதாதா?

எதன் மேல் ஊற்றுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பாக்கெட் தீவனம் சாப்பிடுகிற நாய்க்குக் கால்சியம் ஏற்கெனவே அளவாக இருக்கிறது. அதன் மேல் சிரப்பும் ஊற்றினால் அதிகமாகும். பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு இப்படிக் கூடுதலாகப் போகிற கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கும். கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகவே தெரிந்தது. பாக்கெட்டும் சிரப்பும் சேர்ந்த கூட்டணியைத்தான் ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் வளர்க்கிறவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். அந்த சிரப்பை நானும் விற்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்: தேவையில்லை.

வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற நாய்க்கோ அதே சிரப் பல நேரம் போதாது. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்த்தே இருக்கும். கறியில்தான் அது நிறைய இருக்கிறதே.

மாட்டுக்குப் போடுகிற தாது உப்புக் கலவையில் ஒரு ஸ்பூன் போடலாமா?

கூடாது. 400 கிலோ கறவை மாட்டுக்குப் போட்ட கணக்கு அது. மாட்டுத் தீவனமும் வேண்டாம். சிலவற்றில் யூரியா இருக்கும்.

கோழிக்கடையில் தலை, கால், தோல் மலிவாகக் கிடைக்கிறது. அதையே வேகவைத்துப் போடலாமா?

நம் பக்கம் பெரிய நாய் வளர்க்கிறவர்கள் பாதிப்பேர் இதை நம்பித்தான் இருக்கிறார்கள். பை நிறையக் கிடைக்கும், நாயும் அடித்துப் பிடித்துச் சாப்பிடும். ஆனால் கோழிக்காலில் இருப்பது பெரும்பாலும் தோலும் தசைநாரும். அது கொலாஜன் என்கிற புரதம். அதில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இல்லவே இல்லை. எடை போட்டுப் பார்த்தால் புரதம் நிறைய இருப்பது போலத் தோன்றும், உடம்பு கட்ட உதவுவது குறைவு. தோலில் முழுக்கக் கொழுப்பு. திடீரென்று நிறையக் கொழுப்புச் சாப்பிட்ட நாய்க்குக் கணையம் வீங்கலாம். விடாத வாந்தி, முதுகை வளைத்துக்கொண்டு நிற்பது, சாப்பாட்டைப் பார்த்தால் முகத்தைத் திருப்புவது எல்லாம் அதன் அடையாளம். தீபாவளி, பக்ரீத் முடிந்த மறுநாள் இந்தப் புகாரோடு வருகிறவர்கள் அதிகம்.

கறியில் நாலில் ஒரு பங்கு வரை காலும் தலையும் சேர்க்கலாம், தோல் வேண்டாம். குக்கரில் எலும்பு விரலால் நசுங்குகிற பதம் வரை விசில் விட வேண்டும். இப்படி எலும்போடு போடுகிற நாளில் ஓட்டுப் பொடியைப் பாதியாகக் குறையுங்கள். அரைவேக்காட்டில் எடுத்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளக்கும். பச்சையாகப் போடலாமா என்று கேட்டால், கோழிக்கடைப் பச்சைக் கழிவில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க நிறைய வாய்ப்பு. நாய் தாங்கிக்கொண்டாலும் அதே முற்றத்தில் தவழ்கிற பிள்ளை தாங்காது.

மீன் போடலாமா? எந்த மீன்?

மத்தி, அதாவது சாளை. கொல்லம், நீண்டகரையிலிருந்து மலையேறி வருகிற மீன்களில் நாய்க்கு இதைவிடத் தோதான மீன் இல்லை. ஒமேகா 3 கொழுப்பு, வைட்டமின் டி, அயோடின் மூன்றும் இதில் இருக்கிறது. மேலே சொன்ன குறைகளில் கொஞ்சத்தை இது ஈடுகட்டும். குடல் எடுத்து, முள்ளோடு குக்கரில் வைத்து எடுத்தால் முள் மாவாகிவிடும். பச்சை மீன் வேண்டாம். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கிற தயமினேஸ் என்ற நொதி உண்டு, வேகவைத்தால் அது போய்விடும்.

கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் டிராலர் படகுகளுக்குத் தடை. பெரிய மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். அப்போது பாரம்பரியப் படகுகள் கொண்டுவருவதுதான். கிடைக்காத நாளில் மீன் இல்லாமலே சமைக்கலாம், பழைய மீனை வாங்காதீர்கள். 2018 ஜூனில் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. அது நம் பக்கத்திலிருந்து கேரளத்துக்குப் போன சரக்கு. பிணவறை மருந்து மனிதனுக்கு ஆகாதென்றால் நாய்க்கு மட்டும் எப்படி ஆகும்? செவுள் சிவப்பாக இல்லாத, ஈயே உட்காராத மீனை நாய்க்கென்று கேட்டுக்கூட வாங்க வேண்டாம்.

மரச்சீனிக் கிழங்கு? கேப்பைக் களி?

மலையடிவாரத்தில் அரிசியைவிட மரச்சீனி, அதாவது மரவள்ளி, மலிவு. கேரளப் பக்கம் இதைக் கப்பை என்பார்கள், அது இல்லாத வீடே இல்லை. தோல் சீவி, நறுக்கி, தண்ணீரைக் கொட்டி மாற்றி நன்றாக வேகவைத்தது என்றால் சோற்றுக்குப் பதில் போடலாம். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலையும் பச்சைத் துண்டையும் நாய்க்கு எட்டுகிற இடத்தில் எறியாதீர்கள். இதில் புரதம் அரிசியைவிடவும் குறைவு. கப்பையும் மீனும் என்றால் மீன்தான் நாயைக் காப்பாற்றுகிறது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, தானியங்களில் அது பெரிய அளவு. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். களியை மட்டும் நம்பி வளர்கிற குட்டிகளுக்கு மூக்கோரம், கண்ணோரம், பாதத்தில் தோல் தடித்துப் பொருக்குத் தட்டுவதற்கு இந்தத் துத்தநாகக் குறை ஒரு காரணம். வாரத்தில் ஓரிரு நாள், கறியோடு என்றால் களி நல்ல சாப்பாடு.

எங்கள் சாப்பாட்டில் மிஞ்சியதைக் கொஞ்சம் சேர்த்தால் என்ன ஆகிவிடும்?

வெறும் சோறு, இட்லி, தயிர், வேகவைத்த முட்டை, உப்புப் போடாத காய் என்றால் ஒன்றும் ஆகாது. குழம்புதான் பிரச்சினை. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் பொடித்தாலும் அந்தக் குணம் போகாது. பரோட்டா சால்னா, பிரியாணி மசாலா இரண்டும் இந்தக் கணக்கில் வரும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கிற கிஸ்மிஸ் அதேதான்.

திராட்சையில் எது விஷம் என்று நீண்ட காலம் புரியாமல் இருந்தது. இப்போது டார்டாரிக் அமிலத்தின் மேல்தான் சந்தேகம். அந்த அமிலம் நம் புளியில் தாராளமாக இருக்கிறது. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை அமெரிக்க மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். அதனால் சாம்பார், ரசம், புளிக்குழம்பு, புளியோதரை நாய்க்கு வேண்டாம். புளி உருண்டையை எட்டாத இடத்தில் வையுங்கள். கேரளத்து மீன்கறியில் குடம்புளிதானே என்று சிலர் கேட்பார்கள். மிளகாயும் வெங்காயமும் உப்பும் அதிலும் உண்டு.

சாக்லேட், காபித்தூள், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் வருகிற சைலிட்டால் என்ற இனிப்பு, இவை தின்றுவிட்டால் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

வீட்டில் மாலை போட்டிருக்கிறோம். மண்டலம் முடியும் வரை அடுப்பில் கறி ஏறாது. நாய்க்கு என்ன செய்வது?

கார்த்திகை பிறக்கும் முன்னே கடையில் அதிகம் கேட்கிற கேள்வி இது. ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாக மலைக்குப் போகிற ஊர்கள் எங்களுடையவை, தெருவுக்குப் பத்து வீட்டில் மாலை இருக்கும்.

நாய் பூனையைப் போல இல்லை. புரதம் சரியாக இருந்தால் வளர்ந்த நாய் 41 நாளைச் சைவத்தில் தாராளமாகத் தள்ளும். அதே 20 கிலோ நாய்க்கு மீல் மேக்கர் காய்ந்த எடையில் 75 கிராம், அரிசி 110 கிராம், பன்னீர் 60 கிராம், தயிர் 100 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன், கொஞ்சம் காய். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்துவிட்டுச் சமையுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். முட்டை ஓடு வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் டாக்டரிடம் கேட்டு வெறும் கால்சியம் கார்பனேட் மாத்திரை வாங்கலாம். வைட்டமின் டி3 சேர்ந்த மனிதர் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள், டி அளவு மீறினால் நாய்க்கு விஷம்.

பாக்கெட்டுக்கு மாறலாம் என்றால் பெரும்பாலான பாக்கெட்டில் இறைச்சித் தூள் இருக்கிறது. பச்சைப் புள்ளி போட்ட சைவப் பாக்கெட்டும் வருகிறது. சில வீடுகளில் நாயின் சாப்பாட்டைக் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு வைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் சமைத்துத் தருகிறார். அது அவரவர் வீட்டு வழக்கம், நான் சொல்ல ஒன்றுமில்லை. எதுவானாலும் மாலை போடுகிற அன்றைக்குத் திடீரென்று மாற்றாதீர்கள். ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். குட்டியும் சினை நாயும் இருக்கிற வீட்டில் இந்தச் சைவக் கணக்கு வேண்டாம்.

பாக்கெட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

முன்பக்கத்துப் படத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். முதலில் அது முழுமையான சரிவிகித உணவா, வெறும் தின்பண்டமா என்று பாருங்கள். எந்த வயதுக்கு என்பதும் இருக்கும். அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த அளவைத்தான் பல கம்பெனிகள் பின்பற்றுகின்றன: ஈரத்தை நீக்கிப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குப் புரதம் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5. நம் நாட்டில் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ஐஎஸ் 11968 என்ற தரம் இருக்கிறது.

ஈரத்தை நீக்கிப் பார்ப்பது ஏன் என்றால், கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம் என்றும் உலர் தீவனத்தில் 22 என்றும் போட்டிருக்கும். கிரேவியில் 80 சதவீதம் தண்ணீர். தண்ணீர் போக மீதியில் கணக்கிட்டால் அது 40 சதவீதம். உலர் தீவனத்தில் தண்ணீர் 10 சதவீதம்தான், அதன் கணக்கு 24 சொச்சம் வரும்.

தானியமே இல்லாதது என்று கூடுதல் விலைக்கு விற்கிறவற்றைத் தேடிப் போக வேண்டாம். பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் அதிகம் சேர்ந்த அத்தகைய தீவனங்களுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ விசாரிக்கத் தொடங்கியது. முடிவான பதில் வரவில்லை. அரிசி நம் நாய்க்கு ஒத்துக்கொள்ளும்போது அரிசியில்லாததற்கு ஏன் கூடுதல் காசு?

லூஸில் வாங்கினால் மலிவாக இருக்கிறதே?

நான் லூஸில் விற்பதில்லை. ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்துச் சாரல் எங்கள் கடை வாசலிலும் அடிக்கும். அப்பளமே நமுத்துப்போகிற ஈரத்தில் திறந்த மூட்டைத் தீவனம் என்ன ஆகும்? பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும், ஈரலைத் தாக்கும். சூட்டில் அது அழியாது, பார்வைக்கும் தெரியாது. 2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஒரே தயாரிப்பாளரின் தீவனத்தில் இது கலந்திருப்பது தெரியவந்தது, அதைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகப் புகார் வந்தது. ஒரு மாதத்தில் தீருகிற அளவுக்குப் பாக்கெட் வாங்கி, அந்தப் பையோடேயே மூடிபோட்ட வாளியில் வையுங்கள். பை இருந்தால்தான் தேதியும் பேட்ச் எண்ணும் கையில் இருக்கும்.

காலையில் பாக்கெட், ராத்திரி வீட்டுச் சாப்பாடு. சேர்த்துப் போடக்கூடாதாமே?

போடலாம். செரிமானம் குழம்பிவிடும் என்பது வெறும் பேச்சு. பாதிக்கு மேல் பாக்கெட்டாக இருக்கட்டும், அப்போது தாதுச் சத்துக் குறை பெரிதாகத் தெரியாது. மற்றதைக் கறி, முட்டை, சோறாகக் கொடுத்து, அந்தப் பாதிக்கு மட்டும் ஓட்டுப் பொடி போடுங்கள். வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் சொல்வது இந்த வழிதான். உலர் தீவனம் சாப்பிடுகிற நாய்க்குத் தண்ணீர்ச் சட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

குட்டிக்கு?

பாக்கெட். பெரிய ஜாதி என்றால் பெரிய ஜாதிக் குட்டிக்கென்றே வருவது. வளர்கிற எலும்புக்கு வேண்டிய அளவு வாரத்துக்கு வாரம் மாறும், அடுப்படியில் நின்று அதைப் பிடிப்பது கஷ்டம். நான்கு மாதம் வரை நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. கட்டாயம் சமைத்துத்தான் போடுவேன் என்றால் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்தவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். மேலே கொடுத்த கணக்கு குட்டிக்கு ஆகாது.

எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறதே, பட்டினி போடுகிறேனோ?

அதன் முகத்தைப் பார்க்காதீர்கள், விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே விலா எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். தடவினால் மெத்தென்று இருந்தால் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். 48 லேப்ரடார்களைப் பிறப்பிலிருந்து சாவு வரை கவனித்த ஒரு ஆய்வு 2002இல் வெளியானது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் தள்ளிப் போனது. எங்கள் ஊர் லேப்ரடார்களில் பாதி பார்க்க ஆட்டு உரல் மாதிரி இருக்கிறது. அதை அழகு என்று வேறு சொல்கிறார்கள்.

செலவு எதில் குறைவு?

20 கிலோ நாய்க்கு உலர் தீவனம் நாளைக்கு 280 கிராம் சுமார், மாதம் எட்டரை கிலோ. வீட்டுச் சமையல் என்றால் மாதம் ஏழரை கிலோ கறி, மூன்றரை கிலோ அரிசி, 30 முட்டை, ஒன்றரை கிலோ மீன், சத்துப் பொடி, கேஸ். இரண்டையும் உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பாருங்கள். ரேஷன் அரிசி இருந்தால் வீட்டுப் பக்கம் சாயும். புரட்டாசியிலும் சபரிமலை சீசனிலும் கோழி விலை இறங்கும்போது வாங்கி ஃப்ரீஸரில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரத்தனம்தான். நடுத்தரப் பாக்கெட்டும் ஒழுங்கான வீட்டுச் சமையலும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். மிச்சச் சோறுதான் மலிவு.

மாற்றும்போது வயிற்றாலே போகிறது. நிறுத்திவிடவா?

அவசரப்பட்டு மாற்றியிருப்பீர்கள். முதலில் கால் பங்கு புதியது, மூன்று நாளில் பாதி, அப்புறம் முக்கால், பத்து நாளில் முழுதும். கொஞ்சம் இளக்கமாகப் போனால் ஒரு படி பின்னால் வாருங்கள். ரத்தம், வாந்தி, சோர்வு இருந்தால் அது சாப்பாடு மாற்றிய கோளாறு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். குட்டிக்குப் பார்வோ என்கிற வைரஸ் நோயும் இப்படித்தான் தொடங்கும்.

சிறுநீரகக் கோளாறு, சிறுநீர்க் கல், சர்க்கரை இருக்கிற நாய்க்கு?

மேலே எழுதியது எதுவும் அதற்குப் பொருந்தாது. டாக்டர் சொல்கிற சாப்பாடு மட்டும்தான்.

யாரிடம் காட்டுவது?

பக்கத்து அரசு மாட்டாஸ்பத்திரியிலேயே நாயையும் பார்ப்பார்கள். ஆரியங்காவு, தென்மலைக்காரர்களுக்கு அந்தப் பக்கத்து மிருகாசுபத்திரி இருக்கிறது. தோல், எலும்பு, ரத்தப் பரிசோதனை என்று விவரமாகப் பார்க்க வேண்டுமானால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது "சோறும் கறியும் போடுகிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் டாக்டரால் ஒன்றும் கணக்குப் போட முடியாது. ஒரு வாரம் என்னென்ன, எத்தனை கிராம் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிஸ்கட், ரொட்டித் துண்டு, பக்கத்து வீட்டுக்காரர் போட்டது எல்லாம் அதில் வர வேண்டும். பாக்கெட், சிரப், பொடி எதுவானாலும் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.